அறுபது வயதில் ஐஸ் பாய்

தீயணைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, குழாய் சுருட்டவும் ஏணி சாய்க்கவும் சொல்லித்தர உங்களுக்கு நிலையத்தில் ஆள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். நான் நிலைய அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன். என்னிடம் இப்போது மிச்சம் இருப்பது வாய் ஒன்றுதான். அதனால் பயிற்சியில் யாரும் உங்களுக்குச் சொல்லித்தராத ஒன்றைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன். விளையாட்டைப் பற்றி.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். என் மேலதிகாரிகளும் இதற்குச் சிரித்தவர்கள்தான், சிலர் முறைத்தார்கள். காலைப் பயிற்சி முடிந்ததும் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் கிட்டிப்புள் அடிப்போம். “யூனிபார்ம் போட்ட ஆளுக செய்யிற காரியமாய்யா இது, ரோட்டுல போறவன் என்ன நெனப்பான்” என்று ஒரு பெரிய அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ரோட்டில் போகிறவன் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, புள் தன் பக்கம் வந்தால் பிடித்துக்கொடுத்தான் என்பதுதான் உண்மை. அதை அவரிடம் சொல்லவில்லை.

சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், இங்கே ஒளிவதற்கு நல்ல இடம் எது என்று என் கண் முதலில் தேடும். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தான் தேடியது. மூலையில் ஒரு பீரோ, அதற்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். பெண்ணைப் பார்க்காமல் பீரோவைப் பார்த்த மாப்பிள்ளை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். “பேரன் பொறந்தாச்சு, இன்னும் நீங்களே பேரன் மாதிரி இருக்கீக” என்பதும் அவள் வசனம்தான்.

ஆனால் இந்தப் பழக்கம் எனக்குச் சோறு போட்டது. தீப்பிடித்த வீட்டில் பெரியவர்கள் வெளியே ஓடுவார்கள், பிள்ளைகள் ஒளிந்துகொள்வார்கள். கட்டிலுக்கு அடியில், மெத்தைச் சுருளுக்குப் பின்னால், பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குள். புகைக்குள் அவர்களைத் தேடும்போது, ஒளிந்து விளையாடியதை மறந்துபோன ஆளுக்குக் கை எங்கே நீட்டுவது என்று தெரியாது. எனக்கு அது மறக்கவே இல்லை. அதற்காக நான் யாருக்கு நன்றி சொல்வது என்றும் தெரியவில்லை.

இப்போது சொல்லப்போவது பிள்ளையைத் தேடிய கதை இல்லை. அறுபது வயது மனிதரைத் தேடிய கதை. நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைப்பு வந்தது. கீழச்சிவல்பட்டிக்கு அங்குட்டு ஓர் ஊர், பெரிய வீடு, பின்கட்டுக் கிணற்றில் ஆள் விழுந்துவிட்டது என்றார்கள். நாங்கள் போய் இறங்கும்போது வாசலில் பந்தல் போட்டு முடித்து வாழைமரம் கட்டியிருந்தார்கள். மறுநாள் காலையில் அந்த வீட்டில் அறுபதாம் கல்யாணம். காணாமல் போனவர் அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளையேதான். சொக்கலிங்கம் என்று பெயர். நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த உடம்பு, மாடிப்படிகூட ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். சாப்பிடக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனவர்கள் கிணற்றடியில் அவருடைய செருப்பைப் பார்த்திருக்கிறார்கள்.

கிணற்றைச் சுற்றிக் கூட்டம். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. அதன் ஓரத்தில் சொக்கலிங்கத்தின் மனைவி மீனாள் ஆச்சி தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மருதாணி சிவந்திருந்தது. அவர்களுடைய மகன், வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன், கல்யாணத்துக்காக வந்திருந்தான். அவன்தான் என்னிடம் ஓடிவந்தான்.

“சார், சீக்கிரம் எறங்கச் சொல்லுங்க சார்” என்றான்.

எங்கள் ஆட்களில் நீச்சலில் கெட்டிக்காரர் ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். முங்கினார், எழுந்தார், மறுபடி முங்கினார். மழைக்குப் பிறகு நிறைந்த கிணறு, அடியில் சேறு. எதுவும் தட்டுப்படவில்லை, ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பாதாளக் கரண்டி போட்டுத் துழாவலாம், மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கலாம். இரண்டுக்கும் நேரம் பிடிக்கும். மோட்டாரை இறக்கச் சொல்லிவிட்டு நான் செருப்பைப் பார்த்தேன்.

ஜோடியாக இருந்தது. குதிகால் ஒட்டி, முன்பக்கம் கிணற்றைப் பார்த்து, யாரோ வைத்ததுபோல் இருந்தது. கால் தவறி விழுகிறவர் செருப்பை இப்படிக் கழற்றி வைத்துவிட்டு விழமாட்டார். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. கூட்டத்தில் அதைச் சிலர் காதோடு காதாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பேச்சு மீனாள் ஆச்சி காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவர் தலையைத் தூக்காமலே, “அவுக அப்படிப் பண்ற ஆளு இல்ல” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் மகனிடம் கேட்டேன். “தம்பி, அப்பா காலையில எப்படி இருந்தாக? ஏதும் மனவருத்தமா?”

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “நல்லா சந்தோஷமாத்தான் சார் இருந்தாக. நீங்க கெணத்தப் பாருங்க” என்றான்.

அப்போதுதான் நான் கூட்டத்தைச் சரியாகப் பார்த்தேன். உறவுக்காரர்கள் எல்லோரும் கல்யாண வீட்டுக் களையோடு இருந்தார்கள். அதில் ஓர் ஆச்சி, தெய்வானை ஆச்சி, சொக்கலிங்கத்தின் பெரியப்பா மகள். அவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. பட்டுப்புடவை, கழுத்தில் வைரம், தலையில் மல்லிகைப்பூ. பூவோடு சேர்ந்து ஒரு முழ நீளத்துக்கு ஒட்டடை தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அவருடைய தம்பிக்கு வெள்ளை வேட்டி, இரண்டு முழங்காலிலும் வட்டமாக அழுக்கு. இன்னொரு பெரியவரின் சட்டை முதுகு முழுக்கச் சுண்ணாம்பு. இந்த வயதில், இந்த உடையில், கல்யாணத்துக்கு முதல் நாள், இவர்கள் எதற்குத் தரையில் தவழ்ந்தார்கள், சுவரோடு ஒட்டி நின்றார்கள்?

தெய்வானை ஆச்சியைத் தனியாக அடுப்படிப் பக்கம் கூப்பிட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

“ஆச்சி, கண்ணைப் பொத்துனது யாரு?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். திருடிய மாங்காயோடு பிடிபட்ட சிறுமி மாதிரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“நான்தான்” என்றார்.

கண்ணாமூச்சியைத்தான் எங்கள் பக்கம் ஐஸ் பாய் என்போம். அன்றைக்குக் காலைப் பலகாரம் முடிந்ததும், மீனாள் ஆச்சி பந்தல்காரர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெரியவர்கள் ஐஸ் பாய் ஆடியிருக்கிறார்கள்.

“சின்னதுல லீவுக்கு இங்கதான் கூடுவோம் சார்” என்றார் தெய்வானை ஆச்சி. “அதுக்கப்புறம் ஆளுக்கு ஒரு ஊரு. இப்பத்தான் ரொம்ப வருசம் கழிச்சு எல்லாரும் ஒண்ணாச் சேந்தோம். என் தம்பிதான் கண்ணைச் சிமிட்டுனான். சரி, ஒரே ஒரு ஆட்டம்னு ஆரம்பிச்சோம்.”

“எல்லாரையும் பிடிச்சீகளா?”

“சொக்கலிங்கத்த மட்டும் பிடிக்கல. தேடித் தேடிப் பாத்தேன். வெத்தலை வாங்கக் கடைக்குப் போகணும்னு சொல்லிக்கிட்டு இருந்தான். போயிட்டான் போலன்னு விட்டுட்டேன்.”

“இதை ஏன் ஆச்சி யார்கிட்டயும் சொல்லல?”

“எப்படிச் சொல்லச் சொல்றீக? மாடி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்ன ஆளை ஓடவிட்டது நாங்க. மீனா முகத்துல எப்படி முழிக்கிறது? அதுவும் போக, அது வெளாட்டு சார். அதுக்கும் கெணத்துக்கும் என்ன இருக்கு?”

தம்பிகளே, இதைக் கவனியுங்கள். சம்பவ இடத்தில் மனிதர்கள் தங்கள் சண்டையைச் சொல்லிவிடுவார்கள், வியாதியைச் சொல்லிவிடுவார்கள். வயதான காலத்தில் சந்தோஷமாக இருந்ததைச் சொல்லத்தான் கூச்சப்படுவார்கள். போலீஸ் மாதிரிக் கேட்டால் அது வெளியே வராது. கூட விளையாட வந்தவன் மாதிரிக் கேட்க வேண்டும்.

நான் இன்னொன்றும் கேட்டேன். “சின்ன வயசுல அவுக எப்படி ஒளிவாக?”

“அவனா? செருப்பை ஒரு எடத்துல போட்டுட்டு வேற எடத்துல போயி ஒளிவான். நாங்க செருப்பைப் பாத்துட்டு அங்குட்டே சுத்திக்கிட்டு…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது நான் முடிவெடுக்க வேண்டும். கிணற்றில் இல்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு குறும்பை நம்பி, ஊர் பார்க்கக் கிணற்றை விட்டுவிட்டு வீட்டுக்குள் போகிறேன். தவறாகப் போனால் என் பெயர் மட்டும் கெடாது, அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் என்னை மன்னிக்காது. ஆனால் கணக்கு ஒன்று தெளிவாக இருந்தது. கிணற்றுக்குள் அவர் இருந்தால் இவ்வளவு நேரத்துக்குப் பிறகு நாங்கள் எடுக்கப்போவது உடலைத்தான். வீட்டுக்குள் இருந்து, குரல் கொடுக்க முடியாமல் கிடந்தால், அது உயிர். எங்கே முதலில் போவது என்பதற்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

மோட்டாரையும் ஆட்களையும் கிணற்றிலேயே விட்டேன். எங்கள் டிரைவரை மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன். மகன் வழியை மறித்தான்.

“கெணத்துல தேடாம வீட்டுக்குள்ள என்ன சார் பண்ணப் போறீங்க? வீடு முழுக்கப் பாத்தாச்சு.”

“நீங்க பெரிய ஆளு பாக்குற மாதிரி பாத்தீக தம்பி” என்றேன். அவன் ஏதோ கத்தினான். மேலிடத்தில் புகார் கொடுப்பேன் என்றுதான் இருக்கும். எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாவைக் காணோம் என்று தவிக்கிற பிள்ளை வேறு எப்படிப் பேசும்?

எங்கள் பக்கத்து வீடுகளை அறியாத உங்களில் சிலருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள். ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை. அவரவர் சீர் சாமான்களை உள்ளே வைத்து, அவரவர் பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவார்கள். விசேஷம் என்றால்தான் திறப்பார்கள். அடுத்தவர் பூட்டை யாரும் தொடுவதில்லை. அதனால் வீடு முழுக்கத் தேடினோம் என்று அவர்கள் சொன்னது திறந்திருந்த இடங்களை. பூட்டியிருந்த அறைகளின் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே பூட்டுத் தொங்கினால் உள்ளே எப்படி ஆள் இருக்கும்?

தெய்வானை ஆச்சி என் பின்னாலேயே வந்தார். “ஒரே ஒரு எடம் மட்டும் எங்களுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது சார்” என்றார். “அவனுக்கும் பழனிக்கும் மட்டும்தான் தெரியும். ரெண்டு பேரும் சொல்லவே மாட்டாங்கெ.”

பழனியப்பன் சொக்கலிங்கத்தின் சித்தப்பா மகன். சிங்கப்பூரில் இருக்கிறார். இரண்டு குடும்பத்துக்கும் கொஞ்சகாலமாகப் பேச்சுவார்த்தை இல்லை, கல்யாணத்துக்கு வரவும் இல்லை. அவருடைய அறை எது என்று கேட்டேன். சொக்கலிங்கத்தின் அறைக்கு அடுத்தது. கதவில் கை அகலத்துக்கு ஒரு பழைய பூட்டு. கதவைத் தட்டினேன், காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. தேக்குக் கதவின் கனம் அப்படி, அந்தப் பக்கம் மேளம் அடித்தாலும் கேட்காது.

திறந்திருந்த சொக்கலிங்கத்தின் அறைக்குள் போனேன். ஒருமுறை நின்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிறகு எட்டு வயதுப் பையன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். டிரைவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அந்த உயரத்திலிருந்து பார்த்தபோதுதான், சுவரோரம் இருந்த இரும்புப் பெட்டி எனக்குப் படிக்கட்டாகத் தெரிந்தது. மேலே தூசி. தூசியில் செருப்பில்லாத கால் ஒன்றின் அடையாளம். அதற்கு மேலே மாடக்குழி, அதற்கும் மேலே பரண்.

டார்ச் அடித்தேன். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்தது கல் சுவர் இல்லை, பலகைத் தடுப்பு. எந்தக் காலத்திலோ அண்ணனும் தம்பியும் ஒரே அறையைப் பங்கு பிரித்துத் தடுத்திருக்கிறார்கள். கீழேதான் பிரித்தார்கள். பரணைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. அது தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கமும் போனது.

ஏறினேன். சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ, ஓர் உயிர் எந்த நிலையில் கிடக்கிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டபோதே, உள்ளுக்குள் எனக்குக் குறுகுறுவென்றும் இருந்தது. பித்தளைப் பானைகள், பீங்கான் ஜாடிகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பர்மாக் கூடைகள். நடுவில் ஆள் தவழ்ந்துபோக ஒரு வழி. ஜாடி எதுவும் உடைந்துவிடாமல் எத்தனை முறை இரண்டு பையன்கள் இந்த வழியாகப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே தவழ்ந்தேன். அந்தக் குறுகுறுப்பு இல்லாத ஆள் பாதியிலேயே திரும்பியிருப்பார். பரண் அந்த அளவுக்குக் கிறீச்சிட்டது.

தடுப்பைத் தாண்டியதும் பலகை ஒன்று முறிந்து தொங்கியது. கீழே டார்ச் அடித்தேன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் சொக்கலிங்கம் கிடந்தார். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கை மார்பின் மேல்.

“அண்ணே” என்றேன். பதில் இல்லை. இறங்கிப்போய்க் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்தார்.

“யாரு?”

“பயர் சர்வீஸ் அண்ணே.”

கொஞ்ச நேரம் என் தொப்பியையே பார்த்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “தெய்வானை எங்க?” என்றார்.

“வெளிய இருக்காக.”

“இந்த எடத்த அவகிட்டச் சொல்லிராதீக” என்றார்.

தம்பிகளே, எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆனால் சிரிக்க நேரம் இல்லை. மார்பு அழுத்துகிறது என்றார். வியர்வை நிற்கவில்லை. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை மனைவியிடம் இருக்கிறது என்றார். பரணைப் பார்த்துக் கத்தினேன். டிரைவர் ஓடினார். மாத்திரை பரண் வழியாகவே வந்தது. அதை வாயில் வைத்துவிட்டு, பேசவிடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவரை வந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கதவைத் திறந்தே ஆக வேண்டும்.

கதவுக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது பரண் வழியாகக் கேட்டது. எங்கள் ஆட்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். ஆனால் உறவுக்காரர் ஒருவர், “பழனி பூட்டுய்யா அது. ஏற்கெனவே பேச்சு இல்ல. அவன் இல்லாம ஒடச்சா நாளைக்கு என்ன பதில் சொல்றது? ஒரு போனைப் போட்டுக் கேட்டுருவோம்” என்று தயங்குவதும், மகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு “எடுக்க மாட்டேங்குறாரு” என்பதும் கேட்டது. நான் உள்ளேயிருந்து, என் பொறுப்பு, உடையுங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் மீனாள் ஆச்சியின் குரல் வந்தது.

“ஒடைங்க.”

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. அடுத்து கடப்பாரைச் சத்தம்தான்.

ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தோம். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. அதற்குள் தெய்வானை ஆச்சி மீனாள் ஆச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அந்தப் பெரியவர்கள், ஊரில் பெரிய மனிதர்கள், தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக நின்றார்கள். மீனாள் ஆச்சி ஸ்ட்ரெச்சரோடு நடந்து வந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றுமுன் கணவர் பக்கம் குனிந்தார். செமத்தியாகத் திட்டு விழப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

“என்னைய ஏன் சேத்துக்கிடல?” என்று கேட்டார்.

சொக்கலிங்கத்துக்கு முதலில் புரியவில்லை. “எதுக்கு?”

“ஆட்டத்துக்கு.”

“நீ வேலையா இருந்த. ஒனக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு…”

“கேட்டீகளா?” என்றார் ஆச்சி. அப்போதுதான் அவர் அழுதார். “பதினெட்டு வயசுல இந்த வீட்டுக்கு வந்தேன். நீங்க எல்லாரும் கூடுனாச் சிரிப்புச் சத்தம் கேக்கும். நான் அடுப்படில இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒருநாள் கூப்பிடுவாகன்னு நெனச்சேன். யாருமே கூப்பிடலயே.”

தெய்வானை ஆச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது சொக்கலிங்கம் மனைவியின் மருதாணிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

இருதயத்துக்குப் பெரிய சேதம் இல்லை. தொடை எலும்புக்குத் தகடு வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னதாக மகன் என்னிடம் வந்து சொன்னான். நிலையத்துக்கே வந்தான். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டான். நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பூட்டு விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சிங்கப்பூரிலிருந்து பழனியப்பன் அன்று மாலையே பேசினாராம். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பரண் வழியாவா போனான்? இந்த ஒடம்ப வச்சுக்கிட்டா? அந்த வழியக் கண்டுபிடிச்சதே நான்தான்” என்று சொல்லி, போனிலேயே தேம்பியிருக்கிறார். தள்ளிவைத்த கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து இறங்கினார்.

அந்தக் கல்யாணத்துக்கு என்னையும் என் ஆட்களையும் வீடு தேடி வந்து அழைத்திருந்தார்கள். எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறோம். நம்மை யாரும் நல்ல நாளில் கூப்பிடுவதில்லை, நம் வண்டி வாசலில் நின்றால் அந்த வீட்டுக்கு அது கெட்ட நாள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தபோது, இந்த வேலையைக் கொடுத்த கடவுளுக்கு மனதார நன்றி சொன்னேன். கிட்டிப்புள் அடித்த காலத்துக்கும், குனிந்து பார்க்கத் தெரிந்த முழங்காலுக்கும் சேர்த்தே சொன்னேன்.

சாப்பாடு முடிந்து வெளியாட்கள் கிளம்பிய பிறகு, சொந்தங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் என்ற பேச்சை எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. நான் விடைபெற எழுந்தேன்.

“எங்குட்டுப் போறீக சார்?” என்றார் மீனாள் ஆச்சி. கூறைப்புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். “உக்காருங்க. இல்ல, உக்காராதீக. போயி ஒளியுங்க.”

யாரும் அசையவில்லை. அவர் நேராகத் தூணுக்குப் போனார், நெற்றியைச் சாய்த்தார், இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சத்தமாக எண்ண ஆரம்பித்தார். தெய்வானை ஆச்சிதான் முதலில் எழுந்து ஓடினார். பிறகு பழனியப்பன். பிறகு பட்டும் வேட்டியுமாக எல்லோரும், எங்கள் டிரைவர் உட்பட. சொக்கலிங்கத்தால் ஓட முடியாது. ஊன்றுகோலோடு மெதுவாக நடந்துபோய், மெல்லிசான ஒரு திரைக்குப் பின்னால் நின்றார். ஊன்றுகோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் பட்டாலை என்கிற கூடத்துக் கதவுக்குப் பின்னால் போய் ஒட்டி நின்றேன்.

ஆச்சி எண்ணி முடித்து, “வாரேன்” என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டுப் பெற்ற மகனே திரும்பிப் பார்த்தான். முற்றத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம், கையில் செல்போனோடு. அம்மா அந்தத் திரையைக் கடந்து போனார். ஊன்றுகோலைப் பார்த்தார். பார்க்காத மாதிரி அப்பால் போனார். திரும்பி வந்தார், மறுபடியும் பார்க்காத மாதிரி கடந்து போனார். திரைக்குப் பின்னால் சொக்கலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

மகன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அம்மா இந்தப் பக்கம் திரும்புவதற்குள் வேட்டியை மடித்துக்கொண்டு என் கதவை நோக்கி ஓடிவந்தான். அவனுக்கும் கொஞ்சம் இடம் விட்டு நான் நகர்ந்து நின்றேன்.